இறங்காத ஒரு சீர்

ஒரு பாட்டைக் கையில் கொடுத்தால் அவர் முதலில் படிக்கமாட்டார், எண்ணுவார். இடது கை விரல்களின் கணுக்களைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போவார். உதடு அசையும், சத்தம் வராது. கடைசி அடி முடிந்ததும் காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து, தாளின் ஓரத்தில் அடிக்கு ஒரு டிக் போடுவார். நாலு அடிக்கும் டிக் விழுந்தால் எழுதியவர் பிழைத்தார். விழாவிட்டால் அன்றைக்கு எழுதியவருக்குச் சாப்பாடு இறங்காது.

நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். ரத்த உறவு எதுவும் கிடையாது. அப்பாவுக்கும் அவருக்கும் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம்; கல்கத்தாவில் அக்கா தம்பியாக அது போதும். அப்பா கரியாஹாட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். காபித் தூள், அப்பளம், இட்லி அரிசி, புளி. கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு புடவைக் கடையின் மாடியில் அத்தை தனியாகக் குடியிருந்தார்.

கிடர்பூர் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் அவருக்கு வேலை. கப்பலில் ஏற்றிய சரக்கின் பட்டியலையும் கரையில் இறக்கிய சரக்கின் பட்டியலையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடவேண்டும். அதற்கு டாலி பார்ப்பது என்று பெயர். பட்டியலில் இருந்தும் கரைக்கு வராத பெட்டி ‘ஷார்ட் லேண்டட்’. பட்டியலில் இல்லாமலே வந்து நிற்கிற பெட்டி ‘எக்ஸஸ்’. ஓய்வு பெற்ற பிறகு பட்டியல்கள் போயினவே தவிர அந்த வார்த்தைகள் போகவில்லை. சீர் குறைந்த அடி அவருக்கு ஷார்ட் லேண்டட். சீர் மிஞ்சிய அடி எக்ஸஸ்.

யாப்பை எங்கே படித்தார் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால், “படிச்சா வருது? காது இருந்தா வருது” என்பார். அவர் ஒரு வரி எழுதியும் நான் பார்த்ததில்லை. அடுத்தவர் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மாற்றித் தந்ததும் இல்லை. குறை எங்கே என்று மட்டும் காட்டுவார். “சரி, அந்த இடத்துல என்ன போடலாம், நீங்களே சொல்லுங்க” என்று கெஞ்சினாலும் மசியமாட்டார்.

“சரக்கு ஒன்னோடது. நான் டாலி பாக்கதோட சரி.”

எனக்குப் பத்து வயதில் அவர் மேல் கோபம் வந்தது. அப்பாவின் பிறந்தநாளுக்கு நானே தமிழில் ஒரு பாட்டு எழுதியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் நான் கேட்டு வளர்ந்ததெல்லாம் சொடா என்கிற வங்காளிக் குட்டிப் பாட்டுகள்தான். அவற்றில் ஒவ்வொரு அடியின் கடைசியிலும் ஒரே ஓசை வந்து மணி அடிக்கும். அதனால் என் பாட்டிலும் ‘அப்பா’, ‘தப்பா’, ‘குப்பா’ என்று கடைசியில் அடுக்கியிருந்தேன். குப்பா என்பது யார் என்று எனக்கே தெரியாது. அத்தை விரலை மடக்கி எண்ணிவிட்டு, “மூணு அடி எக்ஸஸ், ஒண்ணு ஷார்ட். எதுகை ஒண்ணும் எறங்கல” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

“நல்லாருக்கா இல்லையா, அத்தை?”

“அது எனக்குத் தெரியாது, ஏட்டி.”

நான் அழுதுகொண்டே அம்மாவிடம் போனேன். வாசலில் ஒலிக்கவேண்டியதைக் கொல்லையில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன் என்று அம்மாதான் சிரித்துக்கொண்டே சொன்னாள். தமிழில் அடியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில்தான் ஓசை கூடுமாம். கல்கத்தாவில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் அநேகமாக எல்லோரும் செய்கிற தப்பு இது. தமிழ்ப் பாட்டில் எதுகையே இல்லை என்று அதுவரை நான் வகுப்புத் தோழிகளிடம் வருத்தப்பட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அத்தைக்கு எந்த மொழியாக இருந்தாலும் ஒன்றுதான். ஒரு துர்கா பூஜை சமயம் தெருச் சங்கத்தில் சொடா எழுதும் போட்டி வைத்தார்கள். வங்காளி அல்லாத ஒருவர் நடுவராக இருந்தால் சண்டை வராது என்று அத்தையை உட்காரவைத்தார்கள். அவருக்குத் தெரிந்த வங்காளி துறைமுகத்து வங்காளி, கவிதைக்கு உதவாது. ஒவ்வொன்றையும் படிக்கச் சொல்லி, கண்ணை மூடி எண்ணினார். முதல் பரிசு கொடுத்தது, சங்கத்தின் செக்ரட்டரியே வசூல் பணத்தில் மூக்குக்கண்ணாடி வாங்கிக்கொண்டார் என்று கிண்டல் செய்த பாட்டுக்கு. செக்ரட்டரி புதுக் கண்ணாடியோடு மேடையில் நின்றுகொண்டிருந்தார்.

“மாஷிமா, ஏட்டா கீ கொர்லென்?” என்று அவர் அழாக்குறையாகக் கேட்டார். இது என்ன செய்துவிட்டீர்கள் என்று.

“ஷோப் லாயின் ஷோமான்” என்றார் அத்தை. எல்லா அடியும் சமம். அதற்கு மேல் அவரிடம் விளக்கம் இல்லை.

இதையெல்லாம் நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது எல்லாமே சிரிப்பாக இல்லை. ஒரு வீட்டில் பதினாறாம் நாள் விசேஷம். இறந்தவரின் படத்துக்குக் கீழே மகன் எழுதிய அஞ்சலிப் பாட்டு அச்சடித்து ஒட்டியிருந்தது. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, அத்தையின் விரல் முந்தானைக்குள் மடங்கி மடங்கி நிமிர்ந்தது. இறந்தவரின் மனைவி அதைப் பார்த்துவிட்டார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. இந்தப் பொம்பளைக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா என்று நினைத்தேன்.

திரும்பும் வழியில் அம்மா பொறுக்கமாட்டாமல் கேட்டாள். “செத்த வீட்டுலயுமா அக்கா?”

“என்ன செய்ய. நான் படிக்க முன்னால வெரலு எண்ணிருது.” தெருமுனை திரும்பியதும் சொன்னார்: “எட்டு அடியில அஞ்சு தடவ ‘ஒரு சொல் சொல்லும்’னு வருது, பாத்தியா? ஒருத்தன் ஒண்ணையே திரும்பத் திரும்பச் சொன்னா, அதத்தான் கையில இறுக்கிப் பிடிச்சிட்டு நிக்கான். அந்தப் பையன் அப்பன்கூடப் பேசாம இருந்தானோ என்னமோ.”

அந்தப் பையன் அப்பாவோடு இரண்டு வருஷமாகப் பேசாமல் இருந்தது அம்மாவுக்குத் தெரியும். அத்தைக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு அவரிடம் கோபம் போய், ஒருவிதப் பயம் வந்தது. எதையாவது எழுதி அவர் கண்ணில் காட்டினால் உள்ளே இருப்பதைப் பார்த்துவிடுவார் என்று பயம். வாட்ஸப்பில் பொங்கல் வாழ்த்து அனுப்பக்கூட யோசிப்பேன்.

அப்புறம் என் கல்யாணப் பேச்சு வந்தது.

நியூ டவுனில் எங்கள் ஆபீஸில் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தவன் அனிர்பன். அவன் வீட்டில் பெரிய எதிர்ப்பு இல்லை. எங்கள் வீட்டில் எதிர்ப்பே இல்லை, அதுதான் கஷ்டம். அப்பா ஒரே ஒரு வார்த்தை, “நடக்கட்டும்” என்றார். அதற்குப் பிறகு எட்டு மாதம் அவன் பெயர் அவர் வாயிலிருந்து வரவில்லை. ‘அந்தப் பையன்’ என்பார். ‘அவுக வீட்டுல’ என்பார். அனிர்பன் ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைக்குப் போய், அப்பாவுக்கு முன்னால் நிற்பதற்காகவே கால் கிலோ காபித் தூள் வாங்குவான். அவன் வீட்டில் எல்லோரும் தேநீர் குடிக்கிறவர்கள். அப்பா எடை போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டு, வேறு வாடிக்கையாளரிடம் கேட்பது போலவே, “ஆர் கிச்சு?” என்று கேட்பார். வேறு ஏதாவது வேண்டுமா என்று. அவன் ஒன்றும் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவான்.

ஒருநாள் அப்பாவிடமே கேட்டேன். “அவன்கிட்ட என்னப்பா குறை?”

“அந்தப் பையன்கிட்ட ஒரு கொறையும் இல்ல.” அப்பா அப்பளக் கட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார். “ஒனக்கே தமிழ் பாதிதான் வருது. ஒம் பிள்ளையளுக்கு? நான் யார்கிட்ட பேச?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அதற்காக ஒரு மனிதனைப் பெயர் இல்லாதவனாக ஆக்குவது நியாயமா?

எங்கள் வட்டாரத்துக் குடும்பங்களில் கல்யாணத்துக்கு வாழ்த்து மடல் உண்டு. பெண்ணைப் பெற்றவர் நாலு அடி எழுதி அச்சடித்து, மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால் சத்தமாகப் படித்து மணமக்கள் கையில் கொடுக்கவேண்டும். அப்பாவுக்குச் செய்யுள் நன்றாக வரும். ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் அம்மாவிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டேன்: “அவன் பேர் இல்லாம அப்பா மடல் படிச்சார்னா, நான் கை நீட்டி வாங்கமாட்டேன். எல்லாரும் பாத்தாலும் சரி.” அம்மா அதை அப்பாவிடம் சொன்னாளா என்று தெரியாது. சொல்லியிருக்கமாட்டாள். எங்கள் வீட்டில் கஷ்டமான செய்திகள் அம்மாவிடம் வந்து நின்றுவிடும்.

அச்சுக்குப் போகும் முன்னால் எல்லா மடலும் அத்தையிடம் போகும். அப்பாவின் மடல் மட்டும் போகாமல் இருந்தால் ஊர் பேசும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு அப்பா கிளம்பினார். அத்தை வீட்டுக்குக் கீழே புடவைக் கடையில் கல்யாணச் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுக்கும் சாக்கில் நானும் கூடவே போனேன். அத்தைக்கு எங்கள் வீட்டுச் சங்கதி எதுவும் தெரியாது. மாப்பிள்ளை வங்காளி என்பது தெரியும். பெயரைக்கூட யாரும் அவருக்குச் சொன்னதில்லை. பத்திரிகை இன்னும் அச்சாகவில்லை.

அப்பா சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார். அத்தை அதை மேஜையில் விரித்து நீவினார். எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். அவர் எண்ணி முடிப்பதற்குள் நானும் ஒருவழியாகப் படித்துவிட்டேன்.

இனியவள் பிறந்தாள் எங்கள் மகளாய்;
மனையெலாம் நிறைந்தாள் மங்கல மகளாய்;
கனிமொழி பேசிக் களித்த மகளாய்;
துணையுடன் அன்பில் வாழ்க.

பெயர் இல்லை. துணையுடன் என்று ஒரு சொல், அவ்வளவுதான். அது நாய்க்குட்டியாகக்கூட இருக்கலாம்.

அத்தை மூன்று டிக் போட்டார். நாலாவது அடியில் பென்சில் நின்றது.

“ஏ தம்பி. கடைசி அடி ஷார்ட் லேண்டட்.”

“ஒரு சீர் கொறையுது, தெரியும்க்கா. கடைசி அடிதான, கேக்கதுக்கு நல்லாத்தான இருக்கு?”

“நல்லாருக்கது எனக்குத் தெரியாது. மூணு அடியிலயும் நாலு நாலு சீர் எறங்கிருக்கு. இதுல மூணுதான்.” பென்சில் முனையால் ஒவ்வொரு அடியின் தலையையும் தொட்டார். “இனி, மனை, கனி. மூணுக்கும் ரெண்டாம் எழுத்து சின்ன ன. இது துணை. பெரிய ண. காதுக்கு ஒண்ணு போல இருக்கும், ஆனா ஒக்காராது. ஒனக்கு இது தெரியாதா?”

அப்பா ஜன்னலைப் பார்த்தார். கீழே புடவைக் கடைக்காரர் யாரையோ, “தீதி, ஆஷுன், தேக்குன்” என்று கூவி அழைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னொண்ணு. ஒவ்வொரு அடியிலயும் மொத சீருக்கும் மூணாம் சீருக்கும் மோனை வச்சிருக்கே. இனியவள், எங்கள்; இ-க்கு எ சேரும். மனை, மங்கல. கனி, களித்த. இங்க ‘அன்பில்’ தனியா நிக்கு. அதுக்கு ஜோடியா முன்னால ஒரு அ இருந்திருக்கணும்.” அவர் குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. பெட்டியைக் காணோம் என்று சொல்கிற தொனிதான். “அப்பறம், மகளாய் மகளாய்னு மூணு தடவ சொல்லிட்டே. நாலாவதுல அந்த வார்த்தைய விட்டுட்டே. விட்ட எடத்துல வேற யாராவது வந்து நிக்கணும்லா? ஒருத்தரும் வரல.”

அப்பா எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“மூணு அடிய இப்படிக் கட்டுனவனுக்கு நாலாவது கட்டத் தெரியாமப் போகாது. இது ஏத்துன சரக்குதான், தம்பி. எறங்கல.” நாலாவது அடிக்கு முன்னால் ஒரு சிறு கட்டம் வரைந்தார். “மொத எழுத்து அ. ரெண்டாம் எழுத்து ன. ரெண்டு அசை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

நான் என் விரல்களை மடியில் வைத்து எண்ணினேன். அ, னிர், பன். அ. ன. இரண்டு அசை என்று எனக்குப் பிரிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கட்டத்துக்குள் அவன் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அப்பா அவனை எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு எடுத்திருக்கிறார். கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா லேசில் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. அந்தக் கட்டத்தை விரலால் தொட்டுச் சொன்னார்: “அன்னைன்னு போட்டுருதேன். அன்னை துணையுடன் அன்பில் வாழ்க. அம்பாள் துணை. சரியாப் போச்சுல்லா?”

என் உயிர் போய்விட்டது. மோனை வந்துவிட்டது, சீர் வந்துவிட்டது. அத்தையின் விரல் மடங்கியது.

“நிக்கும்” என்றார். “இனி, மனை, கனின்னு மூணும் ஓடி வருது. இது அன்னுன்னு முட்டிக்கிட்டு நிக்கு. ஆனாலும் நிக்கும். கேக்குதவுகளுக்குத் தெரியாது.”

“அப்ப டிக் போடுங்க.”

அத்தை பென்சிலைக் கீழே வைத்தார். “நீ ஏத்துனது இதுதானா? அத மட்டும் சொல்லு, போடுதேன்.”

அப்பா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். கட்டம் காலியாகவே இருந்தது. படி இறங்கும்போது நான் திரும்பிப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்த்து ஒரு கண் ஜாடைகூடக் காட்டவில்லை. காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். உதவி செய்தாரா, கைவிட்டாரா என்றே எனக்குப் புரியவில்லை.

மடல் அச்சாகி வந்தது. கட்டு பிரிக்காமல் அப்பாவின் பீரோவுக்குள் போயிற்று. அம்மாவைக் கேட்டேன், அவளுக்கும் தெரியாது. முகூர்த்தம் வரைக்கும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. கல்யாணப் பெண் மெலிந்துவிட்டாள், அதுதான் அழகு என்று எல்லோரும் சொன்னார்கள்.

தாலி ஏறியதும் அப்பா மைக் முன்னால் வந்து நின்றார். பட்டு வேட்டி, கையில் மடல். முதல் வரிசையில் அத்தை, முழங்காலில் இடது கை. பட்டுச் சேலை கட்டியிருந்தும் காதில் பென்சில்.

முதல் அடி படித்தார். இரண்டாவது. மூன்றாவது அடியில் ‘மகளாய்’ என்னும்போது குரல் கம்மியது. நிறுத்தினார். செருமினார். நான் கைகளை மடியோடு இறுக்கிக்கொண்டேன். வாங்குவதா வேண்டாமா என்பது அடுத்த சொல்லில் இருந்தது.

“அனிர்பன்” என்றார் அப்பா, “துணையுடன் அன்பில் வாழ்க.”

பக்கத்தில் அனிர்பன் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தான். தமிழில் ஒரு வார்த்தை தெரியாதவன், அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டான். எழுத்தில் அனிர்பன் என்றாலும், வங்காளி உச்சரிப்பில் எல்லோருக்கும், எனக்கும்கூட, அவன் ஒனிர்பான்தான். அ என்று வாயைத் திறந்து அவனை அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. “ஆமி?” என்று என்னிடம் கேட்டான். நானா? நீதான், நீதான் என்று தலையை ஆட்டினேன். எட்டு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போயிற்று. நான் மேடையிலேயே ஓவென்று அழுதேன். பெண்ணைப் பிரிகிற அழுகை என்று பாதி மண்டபம் கூட அழுதது. அப்பா மடலை நீட்டினார். நான் வாங்குவதற்கு முன்னால் அனிர்பன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

“ஆர் கிச்சு?” என்று அப்பா அவனிடம் கேட்டார். கேட்டுவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

அத்தை மேடை ஏறி வந்தார். வாழ்த்தவில்லை, ஆசீர்வதிக்கவில்லை. “குடு பாப்போம்” என்று அனிர்பனின் கையிலிருந்து மடலை வாங்கினார். காதிலிருந்து பென்சிலை எடுத்து ஒவ்வொரு அடியாக டிக் போட்டார். “ஒனிர்பான்னு அவுக மாதிரிச் சொல்லிருந்தா மோனை போயிருக்கும்” என்றார் அப்பாவிடம். பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, “எறங்கிட்டு, ஏட்டி” என்றார்.

அடுத்த வருஷமே அண்ணன் மகனோடு இருக்கத் தூத்துக்குடிக்குப் போய்விட்டார். அங்கேயும் துறைமுகம் இருக்கிறது, பொழுது போகும் என்றார். மடல் எங்கள் நியூ டவுன் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. ஓரத்தில் நாலு பென்சில் டிக். முதல் மூன்றும் எப்போதும் போல லேசாக இருக்கின்றன. நாலாவது டிக்கில் மட்டும் தாள் கிழிந்திருக்கிறது, அவ்வளவு அழுத்தியிருக்கிறார்.